இரத்தத்திடம் கேட்ட கேள்வி

நாம் அரபு வழி வந்தவர்களா, தமிழ் வழி வந்தவர்களா? எங்கட ஆட்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனவியல் பற்றி வாசித்த கட்டுரையும், 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பும் நம் வாசகருக்குப் புதியவை அல்ல. அவர்கள் மொழியையும் வழக்கங்களையும் வரலாற்றையும் வைத்து வாதாடினார்கள். இன்றைய பிள்ளைகளோ, “ஏன் இவ்வளவு சண்டை? மரபணுவைப் பரிசோதித்தால் விஷயம் முடிந்துவிடுமே” என்கிறார்கள். முடிந்துவிடுமா? வைத்திய ஆய்வாளர்கள் ஏறத்தாழ நூறு வருஷமாக இரத்தத்திடம் வமிசத்தைக் கேட்டு வந்த வரலாறு இதற்குப் பதில் சொல்லும்.

முதலாம் உலகப் போரின் கடைசிக் காலம். கிரேக்கத்தின் சலோனிக்கா நகரில் பல நாட்டுப் படைகள் குவிந்திருந்தன. செர்பியப் படையில் வைத்தியம் பார்த்த போலந்துத் தம்பதி லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும் ஹன்னாவும் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், செனகல்காரர், இந்தியச் சிப்பாய்கள் என 16 கூட்டங்களைச் சேர்ந்த 8,000க்கும் மேற்பட்டோரின் இரத்த வகையைப் பார்த்தார்கள். முடிவுகள் 1919இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தன. ஆங்கிலேயரில் ஏ வகை நூற்றுக்கு 43, பி வகை 7. இந்தியரில் ஏ 19, பி 41. இந்த விகிதத்துக்கு ‘உயிரிரசாயன இனச் சுட்டெண்’ என்று பெயர் வைத்து, மனிதரை மூன்று வகையாகப் பிரித்தார்கள். அரபிகளும் துருக்கியரும் யூதரும் நடுவகையில் விழுந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கூட்டத்திலும் எல்லா வகை இரத்தமும் இருந்தது. கூடக் குறைய இருந்தது அளவுதான். ஆகவே ஒரு துளி இரத்தத்தைப் பார்த்து, இவன் இன்ன இனத்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இனத்தைத் தேடியவர்களுக்கு அது கேட்கவில்லை. 1926இல் ஜெர்மனியில் இரத்த வகை ஆய்வுக்கென்றே ஒரு சங்கம் உருவானது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஓட்டோ ரெகே இனவாத மானுடவியலாளர். பின்னர் நாஜிகள் போலந்தைப் பிடித்தபோது, யூதக் குடும்பத்தில் பிறந்த ஹிர்ஷ்ஃபெல்டும் மனைவியும் வார்ஸோ கெட்டோவுக்குள் அடைபட்டார்கள். அவர்களைப் பிரித்து அடைத்தவர்கள் யாருடைய இரத்தத்தையும் சோதிக்கவில்லை. பாட்டன் பாட்டியின் மதத்தைத்தான் பார்த்தார்கள். தம்பதியர் தப்பிப் பிழைத்தார்கள். மகள் போர் முடியுமுன் இறந்துபோனாள்.

1972இல் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் லெவன்டின் இரத்தக் குறிகளைக் கணக்கிட்டுப் பார்த்தார். மனிதருக்கிடையிலான மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. மிச்சம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். இரண்டு பிரதேசத்து மக்களிடையே அளவில் பெரிதாக வேறுபடும் மரபணுக் குறிகளை நூற்றுக்கணக்கில் பொறுக்கியெடுத்து, ஒருவரின் மூதாதையரில் எத்தனை வீதம் எங்கிருந்து வந்திருக்கலாம் என மதிப்பிடுவார்கள். ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிகளைப் பொறுத்தே விடை வரும். மாதிரி மாறினால் வீதமும் மாறும்.

இந்தக் குறிகளில் பேர்போனது ‘டஃபி’. செங்குருதிக் கலத்தில் டஃபி இல்லாதவரைப் பொதுவாக விவாக்ஸ் மலேரியா தொற்றாது என்று 1976இல் கண்டார்கள். மேற்கு ஆபிரிக்காவில் அநேகமாக எல்லோரும் டஃபி இல்லாதவர்கள். ஐரோப்பாவில் அப்படிப்பட்டவரைக் காண்பது அரிது.

அமெரிக்கக் கறுப்பினத்தார் பலருக்கு வெண்குருதிக் கலம் குறைவாகவே இருக்கும். வைத்தியர்கள் அதற்கு இனத்தின் பெயரைச் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். பெயரால் மாத்திரம் நோயாளிக்கு நன்மை வரவில்லை. எண்ணிக்கை குறைவென்று சிலருக்குப் புற்றுநோய் மருந்தைத் தள்ளிப்போட்டார்கள், அளவைக் குறைத்தார்கள். சிலருக்கு மனநோய்க்கான குளோசப்பின் கொடுக்கத் தயங்கினார்கள். 2008, 2009 ஆய்வுகள் வமிசக் குறிகளைக் கொண்டே காரணத்தைத் தேடிப் போயின. தேடல் முதலாம் நிறமூர்த்தத்தில், அதே டஃபி மரபணுவில் போய் நின்றது. டஃபி இல்லாதவருக்கு அந்தக் குறைந்த எண்ணிக்கை இயல்பானது, அது நோயல்ல. அரபிகளிலும் யெமன் நாட்டு யூதரிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. கறுப்பராக இருந்தும் டஃபி உள்ளவர்களும் உண்டு. ஆகவே வைத்தியர் பார்க்க வேண்டியது நோயாளியின் தோலை அல்ல, அந்த ஒரு மரபணுவை. வமிசக் கணக்கு அங்கே போய்ச்சேர உதவியது. போய்ச்சேர்ந்த பிறகு இனப்பெயருக்கு வேலை இருக்கவில்லை.

எங்கட கேள்விக்கு வருவோம். ஒரு சோனகரின் மரபணுவைப் பரிசோதித்தால் இத்தனை வீதம் இங்கே, இத்தனை வீதம் அங்கே என்று ஒரு தாள் வரும். கூடப்பிறந்த தம்பியின் தாளிலேயே கொஞ்சம் வேறு எண் இருக்கும். நோயறிய அது என்றைக்காவது உதவலாம். ஆனால் இராமநாதனின் கட்டுரைக்குப் பின்னால் நின்றது, சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி. அஸீஸ் அதற்கு வரலாற்றைக் கொண்டு பதில் எழுதினார். அந்தக் கேள்வியை எந்த ஆய்வுகூடத்துக்கும் அனுப்ப முடியாது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு கட்டுரைகளையும் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.