திரும்பி வரும் பார்ட்டி: ஒரு செய்திக்கு உரை

பில்லை இழுத்தடித்து விலகிப் போன பார்ட்டி மறுபடி ஆர்டரோடு வருவது திருப்பூர் தையல் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் அடிக்கடி நடப்பது. வருகிற செய்தியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பதில் போடும் முன் வரிவரியாகப் படிப்போம்.

“பழசை மனசுல வெச்சுக்காதீங்கண்ணா.”

எந்தப் பழசு? மாதக்கணக்கில் நின்ற பணமா, சரக்கு போன பிறகு வந்த டெபிட் நோட்டா, பாதித் தையலில் மாற்றிய சாம்பிளா? தவறைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்பவரோடு பேசலாம். பொத்தாம்பொதுவான வருத்தத்தை நம்பித் துணி இறக்கக் கூடாது.

“இந்தத் தடவை ஆர்டர் பெருசுங்க.”

ஆர்டர் பெருத்தால் மாட்டிக்கொள்ளும் பணமும் பெருக்கும். பார்ட்டி தராவிட்டாலும் ஓவர்லாக் டெய்லருக்கும் செக்கிங் அக்காவுக்கும் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். சின்ன லாட்டில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

“பழைய பாக்கியை இதோட சேர்த்து முடிச்சுக்கலாங்க.”

முடிவு இந்த வரியில்தான் இருக்கிறது. முடித்துக் கொடுத்த வேலைக்கான கூலியை வாங்க இன்னொரு வேலை செய்ய வேண்டியதில்லை. சேர்த்துக்கொண்டால் அடுத்த முறையும் இதே வரி வரும். உத்யம் பதிவுள்ள குறு, சிறு யூனிட்டுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது: எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: கெடு தாண்டிய பாக்கியைக் கட்டிய ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் இதை அவருக்கே எடுத்துச் சொல்வார். சண்டை போடாமல் இவ்வளவையும் சொல்லலாம்: “பழையதை முடிச்சுட்டு வாங்க, புதுசைப் பேசலாம்.”

“உங்களை விட்டா யாரு இவ்வளவு சுத்தமா தெச்சுத் தருவாங்க?”

இதை மெய்யென்றே எடுத்துக்கொள்ளுங்கள். தையல் பிடித்துத்தான் வந்திருக்கிறார். ரேட்டை உயர்த்திக் கேட்கவும் நிபந்தனை வைக்கவும் இதைவிட நல்ல நேரம் வராது. அட்வான்ஸ், டெலிவரி சலான்வாரியாகப் பில், நம் யூனிட்டிலேயே செக்கிங் முடித்துக் கையெழுத்து, அதற்குப் பிறகு டெபிட் நோட்டு கிடையாது. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பாக்கி கைக்கு வந்து, எழுத்திலும் கையெழுத்து விழுந்தால் தைத்துக் கொடுங்கள். மனிதர் மாறவும் கூடும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள். மிஷின் சில நாள் சும்மா நின்றால் வரும் நஷ்டத்தை நம்மால் கணக்குப் போட முடியும். வராத பில்லின் நஷ்டத்துக்குக் கணக்கே கிடையாது.