சாத்தாரா உயர்நிலைப் பள்ளி: பதிவேட்டில் பெயர், மூலையில் இடம்

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா நகரிலுள்ள பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி ஒரு பழம்பெரும் பொதுப்பள்ளி. அது அரசு உயர்நிலைப் பள்ளியாக இருந்த காலத்தில், 1900 நவம்பர் 7 அன்று, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஆங்கில முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டான். பதிவேட்டில் 1914ஆம் எண்ணுக்கு எதிரே அவன் பெயர் 'பிவா ராம்ஜி அம்பேட்கர்' என்று காணப்படுகிறது. அச்சிறுவனே பின்னாளில் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரான அண்ணல் அம்பேத்கர். அவர் பள்ளியில் சேர்ந்த அந்நாளை மகாராஷ்டிர அரசு 2017இல் மாணவர் நாளாக அறிவித்தது.

அந்தச் சேர்க்கை எவரும் கருணையால் அளித்த கொடையன்று. 1856 ஜூனில், அதே பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தார்வாடில், மகர் சமூக மாணவர் ஒருவர் அரசுப் பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்தார். சாதி இந்துக்களின் எதிர்ப்பைக் காரணம் காட்டி மாகாண அரசு மறுத்தது. வழக்கு மேலிடம்வரை சென்றது. 1858இல், அரசுக் கல்வி நிலையங்கள் எல்லா வகுப்பினருக்கும் திறந்தவை என்ற கொள்கையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை வலியுறுத்தியது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழுவும் அக்கொள்கையையே ஏற்றது. பெயர் தெரியாத அந்த மாணவரின் மனுவும் சாத்தாராப் பதிவேட்டுக்குப் பின்னால் நிற்கிறது.

ஆனால், கொள்கை பள்ளியின் வாயிலோடு நின்றுவிட்டது. வகுப்பில் தமது தரவரிசைக்குரிய இடத்தில் அமரத் தமக்கு உரிமையில்லை என்பதை அம்பேத்கர் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். அவருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு மூலை. விரிப்பு, வீட்டிலிருந்து கொண்டுவந்து மாலையில் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டிய சாக்குத் துணி. பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளரும் அதைத் தொடமாட்டார். தாகமெடுத்தால் ஆசிரியரின் அனுமதி மட்டும் போதாது. கடைநிலை ஊழியர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவருக்குச் சமற்கிருதம் மறுக்கப்பட்டது. பாரசீகம் பயின்றே 1907இல் மெட்ரிகுலேசன் தேர்ச்சி பெற்றார்.

பள்ளியும் தண்ணீரும் பிரிக்க முடியாத உரிமைகள் என்பதைச் சட்டம் ஏற்கக் காலமாயிற்று. 1923 ஆகஸ்டில் எஸ்.கே. போலே கொண்டுவந்து பம்பாய்ச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், பொது நீர்நிலைகளையும் பொதுப்பள்ளிகளையும் ஒருசேரத் திறந்துவிடச் சொன்னது. அது ஏட்டிலேயே கிடந்தபோதுதான், 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். குழாயைத் தொடக்கூடாதென்று தடுக்கப்பட்ட சிறுவனின் விடையாகவே நாம் அதைக் காண்கிறோம்.

அரசமைப்புச் சட்டத்தின் 29(2)ஆம் உறுப்பு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் கல்வி நிலையங்களில் சாதியைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுப்பதைத் தடுக்கிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: சேர்ந்த பிள்ளை பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் கல்வியை முடிப்பதை உறுதிசெய்வதும் அரசின், உள்ளாட்சியின் கடமை என்கிறது.

இருந்தும் இருக்கைச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன்பயின்றோரால் வெட்டப்பட்டதை அடுத்து, தமிழ்நாடு அரசு நீதிபதி கே. சந்துரு குழுவை அமைத்தது. 2024இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி அமர்த்துமாறு பரிந்துரைத்தது. சாத்தாராவின் மூலைக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகியும், யார் எங்கே அமர்வது என்பதை ஒரு குழு எழுதித்தர வேண்டியிருக்கிறது.

ஆகவே, ஒரு பொதுப்பள்ளியின் வரலாற்றை எழுதும்போது அது யாரைச் சேர்த்தது என்பதோடு நாம் நிறைவடையக் கூடாது. சேர்ந்தவர் எங்கே அமர்ந்தார், எந்தக் குழாயில் நீர் குடித்தார், எந்தப் பாடம் அவருக்கு மறுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். நவம்பர் 7ஐக் கொண்டாடும் ஒவ்வொரு வளாகமும் இக்கேள்விகளை முதலில் தன்னிடமே கேட்டுக்கொள்ளட்டும்.