டிராக் நாள் கார்களில் எடைக் குறைப்பு

டிராக் நாள் கார்களில் எடைக் குறைப்பு என்பது, சாலையில் ஓடும் காரை மூடிய பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக, அங்கே பயன்படாத பாகங்களைக் கழற்றியும், கனமான பாகங்களுக்குப் பதில் இலகுவானவற்றைப் பொருத்தியும் காரின் மொத்த எடையைக் குறைக்கும் வேலை. டிராக் நாளில் போட்டி இல்லை, கோப்பை இல்லை. கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் அது. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற தடங்களில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சுமார் 3.7 கி.மீ. தடம். மற்றது கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் சுமார் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தமான் தீவுகளில் பந்தயத் தடம் இல்லை. அங்குள்ள ஜங்லிகாட்டில் ஒருவர் கார் தயார் செய்தால், அதைக் கப்பலேற்றி ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் தாண்டிச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும்.

எடை செய்யும் வேலை

எடையைக் குறைத்தால் கார் சீறிப் பாயும் என்பது பலருக்கும் முதலில் தோன்றும் காரணம். அது உண்மைதான். 1,100 கிலோ எடையும் 110 குதிரைத்திறனும் உள்ள காரில் 100 கிலோ குறைத்தால், டன்னுக்கு 100 குதிரைத்திறன் என்ற விகிதம் 110 ஆகிறது. எஞ்சினில் கை வைத்து அதே விகிதத்தை எட்டுவதற்கு இன்னும் 11 குதிரைத்திறன் வேண்டும். அதற்கு ஆகும் செலவும், எஞ்சின் ஆயுளில் ஏற்படும் இழப்பும் கொஞ்சமல்ல.

ஆனால் தமிழ்நாட்டின் வெயிலில் எடைக் குறைப்பின் பெரிய பலன் பிரேக்கிலும் டயரிலும்தான் தெரியும். மேலே சொன்ன 1,100 கிலோ கார் நேர்ப்பாதை முடிவில் 160 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அந்த ஒரே மிதியில் பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 930 கிலோஜூல். மூன்று லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கும் வெப்பம் அது. நான்கு டிஸ்குகளும் பேடுகளும் இதைச் சில நொடிகளில் வாங்கிக்கொண்டு, அடுத்த வளைவு வருவதற்குள் காற்றில் விட்டுவிட வேண்டும். காரின் எடை 1,000 கிலோவாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 85 கிலோஜூல் மிச்சம். ஒரு சுற்றில் ஐந்தாறு முறை மிதித்து, பத்துச் சுற்று ஓடும்போது இந்த மிச்சம் கூடிக்கொண்டே போகிறது. ஐந்தாவது சுற்றில் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிற காருக்கும் பத்தாவது சுற்றிலும் கல்போல் நிற்கிற காருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த வெப்பம்தான்.

டயரின் கணக்கு இன்னொரு வகை. ஒரு டயரின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடுகிறது. அதனால் ஒரே டயரில் ஓடும் இரண்டு கார்களில் இலகுவான கார் வளைவை வேகமாகக் கடக்கும். டயரும் நீண்ட நாள் உழைக்கும்.

எங்கிருந்து குறைகிறது என்பதும் முக்கியம். கூரையிலிருந்து எடுத்த ஒரு கிலோ, தரையிலிருந்து எடுத்த கிலோவைவிட மதிப்பானது. காரின் ஈர்ப்பு மையம் கீழிறங்குவதால் வளைவில் பாரம் வெளிச் சக்கரத்துக்குச் சாய்வது குறைகிறது. சக்கரம், டயர், பிரேக் டிஸ்க் போன்றவை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. அவை இலகுவானால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பற்றியிருக்கும். அவை சுழலவும் செய்வதால், வேகம் எடுக்கும்போதும் குறைக்கும்போதும் அவற்றின் எடை கூடுதலாகவே உறுத்துகிறது. முன் பம்பருக்கும் பின் பம்பருக்கும் அருகே இருக்கும் கனம் கார் சட்டென்று திரும்புவதைத் தடுக்கிறது. நடுவில் உள்ள கனம் அவ்வளவு தடுப்பதில்லை.

சோழவரத்திலிருந்து

தமிழ்நாட்டில் இந்த வேலையின் வரலாறு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையாக இருந்த அந்த இடத்தில் 1950-களிலிருந்து கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் உருவானது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. பந்தய எஞ்சின் பாகங்கள் எல்லாருக்கும் எட்டாதவை. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் என்று கையில் கிடைத்த குடும்பக் காரைத்தான் பந்தயக் காராக்க வேண்டியிருந்தது. காசில்லாமல் வேகம் கூட்ட இருந்த வழி, ஸ்பேனரை எடுத்து வேண்டாததைக் கழற்றுவது.

1980-களின் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த சிபானி டால்ஃபின் இந்தக் கதையில் தனி இடம் பெறுகிறது. பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை அடியொற்றிய இதற்கு 848 சி.சி. எஞ்சின், இரண்டு கதவு, முழுக்க ஃபைபர் கிளாஸ் உடல். குடும்பக் காராக அது சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால் ராலி ஓட்டுநர்களும் பந்தய ஓட்டுநர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். தொழிற்சாலையிலேயே எடை குறைக்கப்பட்டு வந்த கார் அது. இந்தியச் சாலைக் கார்களில் இலகுவின் மதிப்பைத் தடத்தில் காட்டிய முதல் கார்களில் டால்ஃபினைச் சேர்க்காமல் இருக்க முடியாது.

அடுத்த படியை எடுத்தவர் கோயம்புத்தூர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் (1954–1995). சோழவரத்தில் ஓட்டியவர், கார்களைத் தானே வடிவமைத்தவர். சாலைக் காரிலிருந்து பாகங்களைக் கழற்றிக்கொண்டிருப்பதற்குப் பதில், குழாய்ச் சட்டத்தின் மேல் ஃபைபர் உடலைப் போர்த்தி, நடுவே மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். பெரிய எஞ்சின் இல்லாமலே, இலகுவான உடலைக் கொண்டு, குறைந்த செலவில் இளைஞர்களைப் பந்தயத்துக்குக் கொண்டுவர முடியும் என்று அவர் நம்பினார். அது நடந்தது. பின்னாளில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஓட்டிப் பழகிய கார்களில் ஃபார்முலா மாருதியும் ஒன்று. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெளிநாடுகளில் இலகுவான கார் என்ற எண்ணத்தின் முன்னோடி பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன். 1957-இல் வந்த லோட்டஸ் செவனும், 1996-இல் சுமார் 725 கிலோவில் வந்த எலீஸும் அவர் பாதையில் வந்தவை. போர்ஷே 1973 மாடலாக வெளியிட்ட 911 கரெரா ஆர்எஸ் காரின் இலகு வகை 960 கிலோ. வசதிகள் கொண்ட வகையைவிட நூறு கிலோவுக்கும் மேல் குறைவு. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின் இருக்கை இல்லை, கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் தோல் வார். பானட்டில் உலோக முத்திரை கூட இல்லாமல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஹோண்டா 1992-இல் என்எஸ்எக்ஸ்-ஆர் காரில் 120 கிலோ வரை குறைத்துக் காட்டியது. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற போர்ஷே 911 ஜிடி3 கப் காரும் இதே வழிமுறைதான். அது சுமார் 1,260 கிலோ. சாலையில் ஓடும் 911 ஜிடி3 1,400 கிலோவைத் தாண்டுகிறது.

செய்முறை

முதலில் காரை எடை மேடையில் நிறுத்தி எடை பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு செலவே இல்லாதவற்றை எடுக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலான கார்களில் 15 கிலோவைத் தொடும். டிக்கியில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பொருள்கள், தரை மிதியடி, பின் இருக்கை அடுத்து வரும். பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ. டேங்கை நிரப்பாமல் 20 லிட்டர் குறைவாக ஊற்றினால் 15 கிலோ போயிற்று. இவை அனைத்தும் மாலையில் திருப்பி வைக்கக்கூடியவை. ஆண்டுக்கு ஓரிரு முறை தடத்துக்குப் போகிறவர் இதோடு நின்றுகொள்வதே சரி.

இரண்டாம் கட்டத்தில் காசு செலவாகும். மின்மோட்டார் பொருத்திய முன் இருக்கை ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். ஃபைபர் பக்கெட் சீட் அதில் மூன்றில் ஒரு பங்கு. 14 கிலோ ஈய–அமில பேட்டரிக்குப் பதில் நான்கைந்து கிலோ லித்தியம் பேட்டரி போடலாம். ஆனால் பானட்டுக்குள் எஞ்சின் சூட்டில் அதை வைக்கக் கூடாது. வலப்பக்கம் ஓட்டுநர் அமரும் நம் கார்களில் பேட்டரியை இடப்பக்கப் பின்மூலைக்குக் கொண்டுபோனால் பாரம் சமனாகும். இலகு அலாய் சக்கரங்கள் விலை கூடியவை என்றாலும் இந்தக் கட்டத்தில் செலவுக்கு முழுப் பலன் தருவது அவைதான்.

மூன்றாம் கட்டம், இனிச் சாலைக்கே போகாது என்று முடிவெடுத்த காருக்கு மட்டும். ஏசி முழுவதும் வெளியேறும். கம்பளமும் கூரைத் துணியும் போகும். தரைத் தகட்டில் சத்தம் அடக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைப் பெயர்க்க, அதன்மேல் உலர் பனிக்கட்டியைப் பரப்புவார்கள். மைனஸ் 78 டிகிரிக் குளிரில் தார் விறைத்து, தகட்டைவிட அதிகமாகச் சுருங்கிப் பிடி விடுகிறது. ரப்பர் சுத்தியால் தட்டினால் இறுகிய வெல்லப் பாகு விரிசலிடுவதுபோல் துண்டுதுண்டாகப் பெயர்ந்து வருகிறது. ஜன்னல்களைத் திறந்துவைத்து, தடித்த கையுறை போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. மூடிய காருக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரம்பினால் மூச்சடைத்து உயிர் போகும். பானட், டிக்கிக் கதவு, பக்க ஜன்னல்கள் ஆகியவற்றை ஃபைபரிலும் பாலிகார்பனேட்டிலும் மாற்றுவது கடைசி. கண்ணாடியின் அடர்த்தியில் பாதிதான் பாலிகார்பனேட்டுக்கு.

கழற்றக் கூடாதவை உண்டு. கதவுக்குள் இருக்கும் குறுக்குக் கம்பி, பம்பருக்குப் பின்னுள்ள இரும்புச் சட்டம், கூரைத் தூண்கள் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. காருக்குள் பொருத்தும் பாதுகாப்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் 30 முதல் 50 கிலோவைத் திருப்பிக் கூட்டும். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிய காரில் அந்த எடையை மனமுவந்து ஏற்க வேண்டும். கார் கவிழ்ந்தால் அதில் இருப்பவர் தலைக்கும் தரைக்கும் நடுவே வேறெதுவும் இல்லை.

குறைத்த பின்

எடையைக் குறைத்துவிட்டு அப்படியே தடத்துக்குப் போகிறவர்கள்தான் சறுக்குகிறார்கள். நம் ஊரின் முன்சக்கர இழுவை ஹாட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். 1,000 கிலோவில் 620 முன்னால், 380 பின்னால். எளிதாகக் கழற்றக்கூடிய ஸ்டெப்னி, பின் இருக்கை, டிக்கித் தளம் அனைத்தும் பின்பக்கம். 60 கிலோவை அங்கிருந்து எடுத்தால் முன்பக்கத்தின் பங்கு 62 விழுக்காட்டிலிருந்து 66-க்கு ஏறுகிறது. கார் இலகுவாகிவிட்டது, ஆனால் பின்பக்கம் மேலே தூக்கி நிற்கிறது. பிரேக் மிதித்தால் பின் சக்கரம் பூட்டப் பார்க்கிறது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் வெளியே சுழல்கிறது. அதனால் ஸ்பிரிங், டேம்பர், வீல் அலைன்மென்ட், பின் பிரேக்கின் பங்கு ஆகிய அனைத்தையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். தேர்ந்த பட்டறைகளில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து, ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்து, மூலைவிட்டப் பாரங்கள் இரண்டும் சமனாகும்வரை ஸ்பிரிங் தட்டைத் திருகிச் சரிசெய்வார்கள்.

சட்டம்

இந்தக் காரைச் சாலையில் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு, மூன்றாம் கட்டத்துக்குப் போன காரைப் பொறுத்தவரை முடியாது என்பதே விடை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். எனவே தடத்துக்கென்றே வைத்திருக்கும் காரை லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள்.

கடலோரக் காற்று

ஜங்லிகாட் போன்ற துறைமுகப் பகுதியில் எடைக் குறைப்புக்கு இன்னொரு விலை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழையும் உப்புக் காற்றும் உள்ள ஊரில் தார் ஷீட்டும் அடிப்பூச்சும் தகட்டைக் காக்கும் கவசம். அவற்றைப் பெயர்த்த அன்றே துருவெதிர்ப்புப் பூச்சு அடிக்காவிட்டால் துரு தொடங்கிவிடும். மெக்னீசியச் சக்கரங்கள் உப்பில் விரைவில் அரிக்கும். கார்பன் ஃபைபரை அலுமினியத்தோடு நேரடியாகத் திருகிப் பிணைத்தால் ஈர உப்பில் அலுமினியம் உதிரும். நடுவே பிளாஸ்டிக் வாஷரோ பிசின் பூச்சோ வேண்டும். மீன்பிடிப் படகுகளுக்குப் பயன்படும் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் கடலைத் தாங்குபவை. படகு கட்டி ஃபைபர் வேலையில் தேர்ந்த கை, காரின் பானட்டையும் வார்த்தெடுக்கும். ஈரக் காற்றில் பிரேக் ஆயிலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது: டாட் 4 வகை எண்ணெய்க்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி கொதிநிலை வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155. கப்பலில் நாள்கணக்கில் உப்புக் காற்று வாங்கி வந்த காரை, சென்னையில் இறங்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, பிரேக் ஆயிலை மாற்றிய பிறகே தடத்தில் இறக்க வேண்டும்.