கல்லான மரமும், கணினிக்குள் புகுந்த பிளேஸ்டேஷனும்

திருவக்கரைக்குப் போகிறவர்கள் வக்ரகாளியம்மன் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது கல்மரப் பூங்காவை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்த மரங்கள் அவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்துக்குள் செல் செல்லாகப் புகுந்து படிந்தது. மரம் போய்க் கல் வந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்த நார்களின் அமைப்பு அப்படியே இருக்கிறது! பொருள் மாறிவிட்டது, அமைப்பு மாறவில்லை.

கணினி உலகில் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும் மென்பொருளுக்குப் பெயர்தான் எமுலேட்டர். பழைய வீடியோ கேம் பெட்டி இருக்காது. ஆனால் அந்தப் பெட்டி எப்படி இயங்கியதோ, அப்படியே கணினி நடந்துகொள்ளும். இன்று யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளும் இந்த மென்பொருள், ஒரு காலத்தில் நீதிமன்றம் வரை போய்த்தான் உயிர் பிழைத்தது. அந்தக் கதையைப் பார்க்கலாம்.

சோனி நிறுவனம் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. சுமார் 34 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் செயலி, வெறும் 2 எம்.பி. நினைவகம். இன்றைய சாதாரண கைப்பேசியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் கேசட்டுக்குப் பதில் குறுந்தகடு என்பது பெரிய மாற்றம். ஒரு தகட்டில் 650 எம்.பி.க்கு மேல் கொள்ளும், அச்சடிக்கும் செலவும் குறைவு. இந்த வியாபாரத்தில் பெட்டியில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். விற்கும் ஒவ்வொரு கேமுக்கும் வரும் உரிமத் தொகைதான் உண்மையான வருமானம்.

1999 ஜனவரியில் கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்' என்ற மென்பொருளை அறிவித்தது. விலை 49 டாலர். மேக் கணினியில் பிளேஸ்டேஷன் தகட்டைப் போட்டால் கேம் ஓடும்! அதே மாதம் சோனி வழக்குப் போட்டது. அதே ஆண்டில் விண்டோஸுக்கு 'பிளீம்' என்ற இன்னொரு எமுலேட்டர் வந்தது. அதன் மீதும் வழக்கு பாய்ந்தது.

வழக்கின் மையம் 'பயாஸ்'. பெட்டியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல் அது. பிளேஸ்டேஷனில் அதன் அளவு 512 கே.பி. மட்டுமே. கனெக்டிக்ஸ் பொறியாளர்கள் கடையில் ஒரு பிளேஸ்டேஷனை வாங்கி, அதன் சில்லிலிருந்து பயாஸைப் பிரதி எடுத்தார்கள். அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, அதே வேலையைச் செய்யும் சொந்த நிரலை எழுதினார்கள். விற்பனைக்கு வந்த மென்பொருளில் சோனியின் நிரல் எதுவும் இல்லை. ஆனால் ஆராய்ச்சியின்போது எடுத்த பிரதிகளே குற்றம் என்றது சோனி.

கீழ் நீதிமன்றம் 1999 ஏப்ரலில் தடை விதித்தது. மேல்முறையீட்டில் 2000 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பு தலைகீழானது. ஒரு கருவி எப்படி இயங்குகிறது என்று அறிய வேறு வழி இல்லாதபோது, இடையில் எடுக்கும் பிரதி நியாயமான பயன்பாடுதான் என்றது ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். போட்டியால் சோனிக்கு விற்பனை குறையலாம். அதற்காகப் பதிப்புரிமையைக் காட்டி, கேமை எந்தக் கருவியில் விளையாடுவது என்பதில் ஏகபோகம் கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

நியாயம் வென்றது, நிறுவனம் வென்றதா? அதுதான் இல்லை! 2001 மார்ச்சில் கனெக்டிக்ஸிடமிருந்து அந்த மென்பொருளையே சோனி விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது. பிளீம் நீதிமன்றத்தில் தோற்கவில்லை. ஆனால் வழக்குச் செலவு தாங்காமல் 2001 நவம்பரில் மூடப்பட்டது. பணம் உள்ளவர் வழக்கில் தோற்றும் சந்தையில் ஜெயிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் தீர்ப்பு நிலைத்தது. அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் ஆர்வலர்கள் இலவசமாகத் தந்த எமுலேட்டர்கள். 2000இல் இ.பி.எஸ்.எக்ஸ்.இ., 2001இல் தொடங்கிய பிளேஸ்டேஷன் 2க்கான பி.சி.எஸ்.எக்ஸ்.2, 2019இல் டக்ஸ்டேஷன். இதில் ஒரு வேடிக்கை: 2018இல் சோனியே வெளியிட்ட 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' என்ற குட்டிப் பெட்டிக்குள் ஓடியதும் ஆர்வலர்கள் எழுதிய ஒரு திறமூல எமுலேட்டர்தான்!

சரி, நிறுவுவதற்கு என்னென்ன தேவை? மூன்று: எமுலேட்டர் மென்பொருள், சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்த பயாஸ் கோப்பு, சொந்தத் தகட்டின் பிம்பம். பிம்பத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல பிளேஸ்டேஷன் கேம்களில் பின்னணி இசை சாதாரண ஆடியோ சிடி போலத் தனித் தடங்களில் இருக்கும். ஐ.எஸ்.ஓ. கோப்பாக எடுத்தால் அந்த இசை விடுபட்டுப் போகும். 'பின்', 'கியூ' என்ற இரட்டைக் கோப்பாக எடுத்தால், எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்ற விவரமும் சேர்ந்து வரும்.

இது சட்டப்படி சரியா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 இதைத் தொடுகிறது. கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டாலோ உதவும் என்று காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். வேறு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெற ஆராய்வதற்கும் இடம் உண்டு. ஆனால் அடுத்தவர் இணையத்தில் ஏற்றிய கேமை இறக்கிக்கொள்வதற்கு இந்தப் பிரிவு துணை வராது. எமுலேட்டரையும் திருட்டுப் பிரதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழைய விளையாட்டுக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். வெளிநாட்டு கேம்களை விடுங்கள். பிளேஸ்டேஷன் 2க்காக இந்தியாவிலேயே சில கேம்கள் உருவாயின. ஹைதராபாத்தின் அரோனா நிறுவனம் 2009இல் 'ஹனுமான்: பாய் வாரியர்' செய்தது. அதே ஆண்டு கபடி, பட்டம் விடுதல் போன்ற நம் விளையாட்டுகளை வைத்து 'தேசி அட்டா' வந்தது. 2010இல் தெருக் கிரிக்கெட், 2011இல் 'ரா ஒன்', 2013இல் 'டான் 2'. பிளேஸ்டேஷன் 2 உற்பத்தியோ 2013 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டுமே அந்தத் தகட்டை ஏற்பதில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. விற்பனை பெரிதாக இருந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால் இங்கே?

நம் நாட்டில் ஒரு புத்தகம் அச்சானால், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். யாரும் வாங்காத புத்தகம்கூட அங்கே ஒரு பிரதி இருக்கும். வீடியோ கேம் தகட்டுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. ஆகவே இந்தியாவில் செய்த முதல் தலைமுறைக் கேம்கள் இப்போது இருப்பது, வாங்கியவர்களின் அலமாரியில்தான். தகட்டின் உலோகப் பூச்சு அரிக்கத் தொடங்கினால் அதுவும் போச்சு. அலமாரியில் அப்படி ஒரு தகடு வைத்திருப்பவர்கள், அது படிக்கும் நிலையில் இருக்கும்போதே ஒரு பிம்பம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அரை மணி நேர வேலைதான்.