சூடு தாங்குமா, அண்ணாச்சி?

விருதுநகரில் நான் டயர் கடையில் உட்கார்ந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. அப்பா நடத்திய காலத்தையும் சேர்த்தால் அறுபது தாண்டும். இத்தனை வருடத்தில் வந்தவர்கள் முதலில் கேட்டது விலையை அல்ல. “சூடு தாங்குமா, அண்ணாச்சி?” என்றுதான் கேட்டார்கள். பருத்தி ஏற்றும் டயர் வண்டிக்காரர் கேட்டார். சிவகாசியிலிருந்து பட்டாசு லோடு அடிக்கும் டிரைவர் கேட்டார்.

போன சித்திரையில் சிவகாசி அச்சக முதலாளி ஒருவரின் மகன் வந்தார். பெங்களூரில் பழையதாக வாங்கிய போர்ஷே கேமன் காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, “எது பெஸ்ட் டயரோ அதையே போட்டிருங்க, அண்ணாச்சி” என்றார். சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரை உட்கார வைத்து நான் சொன்னது, எங்கள் பக்கத்துச் சக்கரங்களின் கதை.

விருதுநகர், விருதுபட்டியாக இருந்த காலத்திலிருந்தே சக்கரத்தை நம்பிப் பிழைத்த ஊர். 19ஆம் நூற்றாண்டில் விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி என்று ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்தார்கள். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க, சுற்றுச்சுவர் எழுப்பிய இடம் அது. சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலானது. கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தன. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் வளர்ந்த பள்ளி. அந்த அரிசியும் பருத்தியும் மிளகாய் வற்றலும் வந்து சேர்ந்தது மரச் சக்கரத்தில்தான்.

அந்தச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பட்டையைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக அடிப்பார்கள். தரையில் வறட்டியை வட்டமாக அடுக்கி, பட்டையை அதற்குள் வைத்துத் தீ மூட்டுவார்கள். இரும்பு சிவந்து விரிந்ததும், நாலு பேர் குறடால் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். கட்டை புகைந்து எரியத் தொடங்கும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். சுருக்கென்று சத்தம் வரும். இரும்பு சுருங்கி, ஆரக்கால்களையெல்லாம் ஒரே பிடியாக இறுக்கிக்கொள்ளும்.

ஆனால் கோடை வந்தால் கட்டை காய்ந்து சுருங்கும், பட்டை ஆட்டம் கொடுக்கும். வண்டிக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றிக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். கட்டை ஊறி உப்பியதும் பட்டை மறுபடி இறுகும். கோடைக்கென்று சக்கரத்தைத் தயார் செய்வது எங்கள் பக்கத்தில் அங்கேதான் தொடங்கியது.

ரப்பருக்கும் முதல் எதிரி வெயில்தான். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினார். ரப்பர் உருகாமல் உறுதிப்பட்டது. சிவகாசிக்காரருக்குக் கந்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்த நாளிலிருந்து அது எங்கள் காற்றிலேயே இருக்கிறது. பட்டாசுக்குள் எரிகிற அதே கந்தகம் டயருக்குள் ரப்பரைக் கட்டிப் பிடிக்கிறது. இதைச் சொன்னதும் அந்தத் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1888இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார். 1910களில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையிலிருந்து பஸ் விட்டபோது, சாலையெல்லாம் மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணி. காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட்டி ஆணி பொறுக்கினார்கள் என்று மதுரைப் பழைய மெக்கானிக்குகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1942இல் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனதும் உலகம் முழுக்க ரப்பருக்குத் தட்டுப்பாடு. தேய்ந்த டயரைத் தூக்கிப் போட முடியாத காலம். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் ரீட்ரெடிங் வேர் பிடித்தது அப்படித்தான்.

1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கே.எம்.மம்மன் மாப்பிள்ளை, 1952இல் ரீட்ரெடிங்குக்கான டிரெட் ரப்பருக்கு வந்தார். 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு சேர்ந்து அவருடைய எம்.ஆர்.எஃப். டயரே செய்ய ஆரம்பித்தது. அப்போது முதலமைச்சர் எங்கள் ஊர்க்காரர் காமராஜர்.

அப்பா அந்தச் சமயத்தில்தான் மதுரை ரோட்டில் கடை போட்டார். பழைய டயரின் மேல்தோலை உரசி எடுத்து, சொல்யூஷன் தடவி, புது ரப்பரைச் சுற்றி, மோல்டில் வைத்து 150 டிகிரிக்குப் பக்கத்தில் வேக வைக்க வேண்டும். சூடு குறைந்தால் ரப்பர் பிரிந்து வரும். கூடினால் கருகும். மோல்டைத் திறக்கும்போது எழும் அந்தக் கந்தக வாசனைதான் எனக்கு என் வீட்டு வாசனை.

நல்ல டிரைவர் யார் என்பதை அவர் வண்டியை நிறுத்தியதும் தெரிந்துகொள்ளலாம். டீ கிளாஸைத் தொடும் முன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் தட்டுவார். ‘டங்’ என்று கம்பி எகிறினால் காற்று சரி. ‘தொப்’ என்றால் குறைவு. பின்பக்க ஜோடி டயரில் உள்டயரின் குரலைத் தனியாகக் கேட்கத் தெரிய வேண்டும். பிறகு புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். பக்கத்து டயரைவிட ஒன்று மட்டும் சுட்டால், அதில் ஏதோ கோளாறு.

இதையெல்லாம் அறிந்தும் ஒரு தப்புச் செய்தேன். 1982, கத்திரி வெயில். தீப்பெட்டி லோடோடு வந்த டிரைவர், “டயர் கொதிக்குது, தம்பி. வெடிச்சிரும், கொஞ்சம் காத்தை இறக்கி விடு” என்றார். அப்பா கடையில் இல்லை. நான் இறக்கினேன். சாத்தூர் தாண்டியதும் முன்டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் இறங்கியது. டிரைவருக்குக் கை முறிந்தது. உயிர் தப்பியது கடவுள் புண்ணியம்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி நிமிரும். மடங்க மடங்க உள்ளுக்குள் சூடு ஏறும். டயர் வெந்து போவது தார்ச் சூட்டால் மட்டும் அல்ல, தன் அசைவாலும்தான். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுவது இயல்பு. அதை இறக்கினால், ஆறியபின் குறைகாற்றோடு நிற்கும். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துச் சுவரில் எழுதினார்: ‘சூட்டில் காற்றை இறக்காதே.’ ஒவ்வொரு முறை வெள்ளையடித்த பிறகும் அந்த வரியை நானே திரும்ப எழுதுகிறேன்.

பந்தயக் காரை முதலில் பார்த்தது அந்த விபத்துக்கு இரண்டு வருடம் கழித்து, சோழவரத்தில். செங்குன்றத்துக்கு அப்பால் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்திவந்தது. எல்லோரும் காரைப் பார்த்தார்கள். நான் டயரைப் பார்த்தேன். பந்தயம் முடிந்து நின்ற ஒரு காரின் பின்டயரில் புறங்கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். மேலே ரப்பர் அரிசி அரிசியாகத் திரண்டு ஒட்டியிருந்தது. லாரிக்காரர் அஞ்சுகிற சூட்டைப் பந்தயக்காரர் தேடிப் போகிறார் என்று அன்று புரிந்தது. அவர் டயர் ஓரளவு சூடானால்தான் தரையைக் கவ்வும். அந்த அளவைத் தாண்டினால் அதுவும் கைவிடும்.

1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. கோவை கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அந்த வருடம் ஜூன் 19, இண்டியானாபோலிஸ். இரண்டு நாள் முன்பு நடந்த பயிற்சியில், சரிவாக எழுப்பிய 13ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் பின்டயர் போய்விட்டது. அந்த வளைவின் பளுவை முழுப் பந்தயத்துக்கும் தங்கள் டயர் தாங்கும் என்று மிஷலினால் உறுதி சொல்ல முடியவில்லை. மிஷலின் போட்ட 14 கார்களும் முன்னோட்டச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள்.

“அப்போ மிஷலின் மோசமா, அண்ணாச்சி?” என்றார் தம்பி. இல்லை. அந்த வருடம் நடந்த 19 பந்தயங்களில் மற்ற 18ஐயும் ஜெயித்தது மிஷலின் போட்ட கார்கள்தான். பதினெட்டு ஊர்களில் முதலாக வந்த டயருக்கு ஓர் ஊரின் ஒரு வளைவு ஒத்துவரவில்லை. அதனால்தான் ‘பெஸ்ட் டயர்’ என்று கேட்பவரிடம் நான் முதலில் ஊரைக் கேட்கிறேன், ரோட்டைக் கேட்கிறேன், பளுவைக் கேட்கிறேன்.

பனி விழும் நாடுகளில் காருக்கு இரண்டு செட் டயர் வைத்துக்கொள்கிறார்கள். ஏழு டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும் என்பதால், குளிருக்குத் தனி டயர். விருதுநகரில் அந்தக் குளிர் எந்த மார்கழியிலும் வராது. இங்கே வருடம் பூராவும் கோடை டயர்தான். அக்கினி நட்சத்திரத்தில் மத்தியானத் தார் 60 டிகிரியை எட்டும். ஐப்பசியில் அதே ரோட்டில் தண்ணீர் நிற்கும். இரண்டையும் ஒரே டயர் தாங்க வேண்டும்.

தம்பியின் காரைக் குனிந்து பார்த்தோம். முன்னால் 235/40 அளவு, பின்னால் 265/40, ரிம் 19 அங்குலம். மேல்தோலின் பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் இருந்த நான்கு எண் 2316. 2016ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்த டயர். நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. பட்டனுக்கு அடியில் மயிரிழைகளாக வெடிப்பு. “தேயவே இல்லைன்னு சொல்லித்தான் வித்தாங்க” என்றார். தேயாதது உண்மைதான். நிழலில் நின்றே கிழடாகியிருந்தது.

ரேஸ் டிராக் வகை டயர் வேண்டும் என்றார். பட்டன் குறைவு, ரப்பர் மெது. சூடேறினால் பிரமாதமாகப் பிடிக்கும், நிற்கும் தண்ணீரில் மிதக்கும். வேண்டாம் என்றேன். தண்ணீரை வெளியே தள்ளும் ஆழமான வரிகள் உள்ள கோடை டயர், வேகக் குறி ஒய், அதாவது 300 கிலோமீட்டர் வரை. வெப்பத் தரம் ஏ. போர்ஷே தன் கார்களுக்கென்று ஒப்புக்கொண்ட டயரில் இருக்கும் ‘என்’ (N) குறி. நாலும் ஒரே மாடல். ‘இங்கே யார் 300இல் போகப் போறா?’ என்று கேட்பார்கள். அந்த எழுத்தை வேகத்துக்காக மட்டும் பார்க்கக் கூடாது. அவ்வளவு சூட்டிலும் பிரியாமல் நிற்கும் கட்டுமானம் என்பதற்கு அது சாட்சி.

நான்கு டயரும் வந்து மாட்டியாயிற்று. காற்று எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டார். சுவரைக் காட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, விடிகாலை ஆறு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கும்போது அந்தக் கார் வாசலில் நின்றது. பக்கத்துத் தெருவில் கல்யாணத்துக்கு வந்து, ராத்திரி பூராவும் இங்கேதான் நிறுத்தியிருந்தாராம். டயரில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஜில்லுன்னு இருக்கு, அண்ணாச்சி. வெயில் ஏறுறதுக்குள்ள காத்துப் பார்த்திருங்க.”