காந்த நிலநடுக்கோட்டின் ஓரம்: தனுஷ்கோடிக் கடலோரமும் உதகை மலையும் அண்டக்கதிர் ஆய்வும்

தனுஷ்கோடி மணல்திட்டில் ஒரு காந்த ஊசியை மேலும் கீழும் சாயும்படி தொங்கவிட்டால், அது ஏறக்குறையத் தரைக்கு இணையாகவே நிற்கும். புவியின் காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்தது இந்தக் கோட்டை வைத்துத்தான் என்பது பலருக்கும் தெரியும். அண்டக்கதிர் ஆய்வுக்கு இதே கோடு தந்த வாய்ப்பு அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை.

விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்களில் பெரும்பாலானவை மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள். துருவப் பகுதிகளில் அவை காந்தப்புலக் கோடுகளின் வழியே இறங்கிவிடும். இங்கே அந்தக் கோடுகள் கிடையாக ஓடுவதால் குறுக்கே வெட்டிக்கொண்டு வர வேண்டும். சுமார் 1,700 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இல்லாத புரோட்டான், செங்குத்தாக நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்தை எட்ட முடியாது. தென்னிந்தியா முதல் தென்கிழக்காசியா வரையிலான பகுதியில்தான் இந்தத் தடை உலகிலேயே மிக அதிகம்.

இதன் முதல் தடயம் கப்பலில் கிடைத்தது. 1927இல் டச்சு இயற்பியலாளர் யாக்கோப் கிளே ஐரோப்பாவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலான பயணத்தில் அளந்தபோது, நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கதிர்கள் குறைந்தன. கதிர்கள் ஒளியைப் போல மின்னூட்டம் அற்றவை என்று வாதிட்ட அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் இதை ஏற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ஆர்தர் காம்ப்டன் உலகெங்கும் நடத்திய அளவீடுகள் கிளேயின் பக்கம் நின்றன. மில்லிகனும் பின்னர் 1939–40இல் இந்தியா வந்து ஆக்ரா, பெஷாவர், பெங்களூரு ஆகிய இடங்களில் பலூன்களைப் பறக்கவிட்டார். அப்போது பெங்களூரில் இருந்த ஹோமி பாபா, வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து 1937இலேயே துகள் மழைக் கோட்பாட்டை வகுத்திருந்தார். காற்றில் மோதும் ஒரே துகள் லட்சக்கணக்கான துகள்களாகப் பெருகுவதை 1938இல் பியர் ஓஜே சோதனையில் கண்டார்.

1945இல் பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் உதகமண்டலத்துக்கு வந்தது. பி. வி. ஸ்ரீகண்டன் அங்கே, துகள்களின் தடத்தைக் காட்டும் பெரிய முகில் அறைகளை அமைத்தார். கடலோரத்தை விட்டு மலையேறியது ஏன்? தனுஷ்கோடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மேலே ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான காற்று நிற்கிறது. 2,200 மீட்டர் உயரமுள்ள உதகையில் சுமார் 800 கிராம்தான். காந்தத் தடை இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் துகள் மழையின் பெரும்பகுதி கடல் மட்டத்தை எட்டுவதற்குள் காற்றிலேயே கரைந்துவிடும்.

இந்த வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கருவிகள் எந்தப் பொருளால் ஆனவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உதகையின் சாதனை புரியும். உதகையில் நடக்கும் கிரேப்ஸ்-3 என்ற அண்டக்கதிர் ஆய்வில் ஏறத்தாழ 400 சிண்டிலேட்டர் கருவிகள் 8 மீட்டர் இடைவெளியில் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் 5 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள பிளாஸ்டிக் பலகை. பாலிஸ்டைரினில் ஒளிரும் கரிமச் சேர்மங்களைச் சிறிதளவு கலந்து வார்த்தது அது. மின்னூட்டத் துகள் ஊடுருவினால், ஒரு நொடியின் நூறுகோடியில் சில பங்கு நேரத்துக்குள் மெல்லிய நீல ஒளி எழும். அதை ஒளிபெருக்கிக் குழாய் மின்துடிப்பாக மாற்றும். இந்தப் பிளாஸ்டிக்கை உதகையிலேயே தயாரிக்கக் கற்றுக்கொண்டதை நான் இந்த ஆய்வின் திருப்புமுனையாகக் கருதுகிறேன். கருவிகளின் எண்ணிக்கையை வளர்க்க முடிந்தது அதனால்தான்.

துகள் மழையில் வரும் மியூவான் என்ற ஊடுருவும் துகள்களைப் பிடிக்க வேறொரு பொருள் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்ட இரு குழுக்களில் ஒன்று இயங்கியது. பின்னர் அங்கே புரோட்டான் சிதைவைத் தேடப் பயன்பட்ட எஃகுக் குழாய்கள் உதகையில் மறுவாழ்வு பெற்றன. 6 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சதுரக் குழாய். நடுவே தலைமுடி தடிமனில் ஒரு டங்ஸ்டன் கம்பி. சுற்றிலும் ஆர்கானும் மீத்தேனும். 3,712 குழாய்கள் 560 சதுர மீட்டர் பரப்பில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே குவித்த கான்கிரீட், 100 கோடி எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறைந்த துகள்களைத் தடுத்துவிடும்.

2015 ஜூன் 22 அன்று இந்தக் குழாய்களில் மியூவான் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உயர்ந்தே இருந்தது. சூரியனிலிருந்து பாய்ந்த பிளாஸ்மா மேகம் புவியின் காந்தக் கவசத்தை நெருக்கி, தற்காலிகமாக நலிவுறச் செய்ததே காரணம் என்று 2016இல் குழுவினர் விளக்கினர். வழக்கமாகத் தடுக்கப்படும் கதிர்கள் அன்று உள்ளே நுழைந்தன. தடை மிக அதிகமாக உள்ள இந்தப் பகுதியில் பெரிய கருவி இருந்ததால்தான் தடையில் ஏற்பட்ட அந்தச் சிறு சரிவு கண்ணில் பட்டது.

மீவுயர் ஆற்றல் அண்டக்கதிர்கள் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவை. 1962இல் ஜான் லின்ஸ்லி அமெரிக்காவில் பதிவு செய்த துகளின் ஆற்றல் 10இன் 20ஆம் அடுக்கு எலக்ட்ரான்வோல்ட். அத்தகைய துகளுக்குப் புவியின் காந்தம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டரில் நூற்றாண்டுக்கு ஒன்றுதான் விழும். அதனால் அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் 3,000 சதுர கிலோமீட்டரில் 1,600க்கும் மேற்பட்ட நீர்த்தொட்டிகளை வைத்திருக்கிறது. உதகையின் களம் அதைவிடக் குறைந்த ஆற்றல் கொண்ட கதிர்கள். 2024இல் வெளியான அதன் புரோட்டான் அளவீடு 50 முதல் 1,300 லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட் வரை சென்று, சுமார் 166 லட்சம் கோடியில் எதிர்பாராத வளைவு ஒன்றைக் காட்டியது. புரோட்டானையும் கனமான அணுக்கருவையும் பிரித்தறிய மியூவான் எண்ணிக்கையே அங்கே வழிகாட்டி.

இதே சிக்கல் அர்ஜென்டினாவிலும் எழுந்தது. மீவுயர் ஆற்றல் மழைகளில் மியூவான்கள் கணக்கீடுகள் சொல்வதைவிட அதிகமாக வந்தன. நீர்த்தொட்டியை மட்டும் வைத்து அவற்றைப் பிரித்தெண்ணுவது கடினம். எனவே ஓஜே குழுவினர் தொட்டிகளின் மேல் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகளைப் பொருத்தினர்: ஒரே மழையை இரு வேறு பொருள்களால் அளக்கும் முறை. உதகையில் பிளாஸ்டிக்கும் எஃகுக் குழாயும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதைத்தான் செய்துவருகின்றன.