சின்னத்திரையும் உறுப்பு தானமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



உறுப்பு தானம் பற்றி நம் மனத்தில் ஊறிக் கிடக்கும் எண்ணங்கள் எங்கிருந்து வந்தன? ஆலிம்களிடமோ மருத்துவரிடமோ கேட்டறிந்தவை சிலவே. நாடகங்களில் கண்டவை பல.

2007 ஜூன் 1 அன்று நெதர்லாந்தின் பி.என்.என். தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மூளைக் கட்டியால் இறக்கும் தறுவாயிலுள்ள லிசா என்ற பெண், தம் சிறுநீரகத்தை மூன்று நோயாளிகளுள் ஒருவருக்கு அளிப்பார் என அறிவித்திருந்தார்கள். உயிரைப் போட்டிப் பொருளாக்குவதா என்று கண்டனம் எழுந்தது. நிகழ்ச்சியின் முடிவில் உண்மை வெளியாயிற்று: லிசா ஒரு நடிகை. நோயாளிகள் மூவரோ உண்மையானவர்கள். நாடகமென அறிந்தே பங்கேற்றவர்கள். அந்நிலையத்தை நிறுவிய பார்ட் டி கிராஃப் நெடுங்காலம் சிறுநீரக நோயால் அவதியுற்று 2002இல் இறந்தவர். கொடையாளர் பற்றாக்குறையை உணர்த்தவே இந்த ஏற்பாடு. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் கொடையாளராகப் பதிவு செய்தனர்.

மறுபக்கமும் உண்டு. ஹவுஸ், கிரேஸ் அனாட்டமி, நம்பர்ஸ், சி.எஸ்.ஐ. நியூயார்க் ஆகிய அமெரிக்கத் தொடர்களின் பார்வையாளரை ஆராய்ந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. தானத்தை வெளிப்படையாக ஊக்குவித்த கதைகள், அதுவரை முன்வராதவர்களையும் முன்வரத் தூண்டின. ஆனால் கதையில் சொல்லப்பட்டது சரியோ தவறோ, பார்வையாளர் அதை அறிவாகவே ஏற்றுக்கொண்டனர். உறுப்புத் திருட்டுக் கதையைக் கண்டவர் உள்ளத்தில் அச்சமே தங்கும்.

இவற்றுக்கு வெகு முன்பே நம் ஃபுகஹாக்கள் இதைப் பேசியுள்ளனர். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இறந்தவர் முன்னரே அனுமதித்திருந்தாலோ வாரிசுகள் இசைந்தாலோ, உயிர்காக்க அவருடைய உறுப்பை எடுக்கலாம் என்றது, விற்பனையைத் தடுத்தது. உடல் அல்லாஹ்வின் அமானிதம் என்பதால் இதை ஏற்காத உலமாக்களும் துணைக்கண்டத்தில் உள்ளனர். இரு தரப்புக்கும் ஆதாரங்கள் உண்டு. எனினும் நம் இல்லங்களில் எத்தனை பேர் இவற்றை அறிவர்?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்துக்குக் கிதாபுகளைப் புரட்ட அவகாசம் இராது. என்றோ பார்த்த காட்சியே அப்போது ஃபத்வா ஆகிவிடும். அந்த முடிவுக்காக, எங்கோ ஒரு நோயாளி டயாலிசிஸ் படுக்கையில் காத்திருக்கக்கூடும்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. நாடகம் சொல்வதும் செய்தியே. ஆகவே, நலமாயிருக்கும்போதே நம்பகமான ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்போம். நம் விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் சொல்லி வைப்போம்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.